கரடி தின்ற புற்று

எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது எங்கள் வீட்டில் ஆறு நாள் ஒரு கரடி இருந்தது. இதைச் சொன்னால் என் பேரப்பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்கிறார்கள். அவர்களை நம்பவைக்கும் பொறுமை எனக்கு இல்லை. இருந்தது, அவ்வளவுதான்.

யுத்தகாலம். திருச்சுழிப் பக்கம் ஒரு மாட்டாஸ்பத்திரியில் அய்யாவுக்கு வேலை. பெரிய டாக்டர் வாரம் ஒருநாள் வருவார். மற்ற நாட்களில் அய்யாதான் டாக்டர். வீடும் ஆஸ்பத்திரி வளாகத்துக்குள்ளேயே இருந்தது. மருந்தைவிட அய்யாவின் முடிச்சுக்குத்தான் பெயர் அதிகம். எப்பேர்ப்பட்ட முரட்டுக் காளையையும் கயிறு போட்டுச் சாய்த்துக் கட்டிவிடுவார். அவர் போட்ட கட்டை அவரே வந்துதான் அவிழ்க்க வேண்டும் என்று நரிக்குடி வரை பேச்சு.

அருப்புக்கோட்டையில் கூடாரம் போட்டிருந்த ஒரு சர்க்கஸின் மேனேஜர், ஒரு சனிக்கிழமை அந்தக் கரடியை லாரியில் கொண்டுவந்து இறக்கினார். மனிதருக்கே அரிசி கிடைக்காத காலத்தில் கரடிக்கு மட்டும் என்ன கிடைக்கும்? பல மாதமாகக் குருணைக் கஞ்சிதான். இப்போது அதையும் தொடுவதில்லை. கறுப்புக் கம்பளியைச் சுருட்டிப் போட்டதுபோல வேப்பமரத்தடியில் கிடந்தது.

"வெள்ளிக்கிழமை இந்த வழியாத்தான் மதுரைக்குப் போறோம். தின்னா ஏத்திக்கிடுறேன். இல்லைன்னா துப்பாக்கியோடதான் வருவேன். செத்துக்கிட்டிருக்கிறதை ஊர் ஊரா இழுத்துட்டு அலைய முடியாது" என்றார் மேனேஜர். கல்நெஞ்சக்காரர் என்று சொல்ல முடியாது. கண்ணைத் துடைத்துக்கொண்டுதான் சொன்னார்.

அய்யா அதன் வாயைத் திறந்து பார்த்தார், வயிற்றை அமுக்கிப் பார்த்தார், சாணத்தைக் குச்சியால் கிளறிப் பார்த்தார். கூடியிருந்த அத்தனை பேர் முன்னாலும், "நோவு ஒண்ணும் இல்ல. தீனிதான் சேரல. நான் தின்ன வச்சுக் காட்டுறேன்" என்று சொல்லிவிட்டார்.

அன்றிலிருந்து ஒரு நோட்டு போட்டார். என்ன வைத்தோம், எவ்வளவு வைத்தோம், எவ்வளவு மிச்சம் என்று மூன்று கட்டம். கம்பங்கூழ், தொடவில்லை. கேப்பைக்களி, தொடவில்லை. ஆட்டுப்பால், நக்கிப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. ஊரில் ஒவ்வொரு வீடும் தன் வீட்டுப் பண்டத்தில்தான் கரடியின் உயிர் இருக்கிறது என்று நம்பியது. ஒருவர் பனங்கிழங்கு அவித்துக் கொண்டுவந்தார், ஒருவர் கருவாடு சுட்டுக் கொண்டுவந்தார். பந்தல்குடிக் கடைக்காரர் பேரீச்சம்பழம் கொடுத்தனுப்பினார்; அதை நான் தின்றேன். 'தொடவில்லை' என்று எழுதும் அய்யாவின் எழுத்து நாளுக்கு நாள் சிறுத்துக்கொண்டே போனது.

ஆஸ்பத்திரிக்குப் பின்னால் அம்மன் புற்று ஒன்று என் உயரத்துக்கு இருந்தது. அய்யாவின் அக்காவான என் அத்தைதான் அதற்கு எல்லாம். செவ்வாயும் வெள்ளியும் மஞ்சள் பூசி, முட்டை வைத்து, பால் வார்ப்பாள். வேறு யாரும் கிட்டப் போகக்கூட அவளைக் கேட்க வேண்டும். அந்தப் பக்கமிருந்து காற்று வீசும்போதெல்லாம் கரடியின் மூக்கு மட்டும் எழுந்து ஆடுவதை நான் பார்த்தேன். அய்யாவிடம் சொன்னேன். அவர் அதையும் நோட்டில் எழுதிக்கொண்டு, அத்தையின் வீட்டுப் பக்கம் பார்த்துவிட்டு நோட்டை மூடிவைத்தார்.

எங்கள் பக்கத்து ஆட்டுக்காரர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. இரை எடுக்காத ஆட்டைக் கட்டிவைக்க மாட்டார்கள். அவிழ்த்துவிட்டுப் பின்னாலேயே போவார்கள். அது எந்தத் தழையைக் கடிக்கிறதோ அதுதான் மருந்து. ஆஸ்பத்திரிக்கு வரும்போது இதை அய்யாவிடம் சொல்லவும் செய்வார்கள். அவர் மருந்து பாட்டிலைக் குலுக்கிக்கொண்டே கேட்டுக்கொள்வார். எனக்கோ ஆட்டுக்கும் கரடிக்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை.

வியாழக்கிழமை அய்யா பந்தல்குடிக்கு மாடுகளுக்கு ஊசி போடப் போனார். மறுநாள் துப்பாக்கி வந்துவிடும். மதியம் எல்லோரும் கண் அசந்த நேரத்தில், மரத்தில் கட்டியிருந்த கயிற்றின் பக்கம் போனேன். முடிச்சு விரலுக்கு அசையவில்லை. பல்லால் கடித்தேன், அதற்கும் அசையவில்லை. உடைமரத்தின் நீளமான முள் ஒன்றைப் பொறுக்கி முடிச்சுக்குள் குத்தி நெம்பினேன். முள் ஒடிந்தது, முடிச்சும் விட்டுக்கொடுத்தது.

கரடி எழுந்தது. தள்ளாடித் தள்ளாடி நேராகப் புற்றுக்குப் போனது. முட்டையைப் பார்க்கவில்லை, பாலைப் பார்க்கவில்லை. பக்கவாட்டில் நகத்தைப் போட்டு ஒரே இழுப்பு. மண் சரிந்தது. அந்த ஓட்டையில் மூக்கை வைத்து, புஸ்ஸென்று தூசியை ஊதிவிட்டு உறிஞ்சத் தொடங்கியது பாருங்கள், கொல்லன் துருத்தி கெட்டது. அவ்வளவும் கரையான். நான் கையைத் தட்டிக்கொண்டு குதித்தேன். அத்தனை பெரியவர்களுக்கும் தெரியாததை நான் கண்டுபிடித்துவிட்டேன்.

சத்தம் கேட்டு அத்தை வந்தாள். பின்னாலேயே பெண்கள் கூடிவிட்டார்கள். அத்தை அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். "எந்தக் கை அவுத்துச்சோ அந்தக் கை வெளங்காது" என்று யாரோ சொன்னார்கள். நான் வலது கையைப் பாவாடைக்குள் மறைத்துக்கொண்டேன். என் குதிப்பெல்லாம் அடங்கிவிட்டது.

அந்த நேரத்துக்குத்தான் அய்யாவின் சைக்கிள் வந்தது. புற்றைப் பார்த்தார், கரடியைப் பார்த்தார், மரத்தடிக்குப் போய்க் கயிற்றை எடுத்துப் புரட்டினார். எதையோ பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

"யாரும் அவுக்கல. கட்டு சரியா விழல. தப்பு என் கையோடதுதான்" என்றார்.

கரடி உறிஞ்சிக்கொண்டே இருந்தது. வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்த அத்தை முந்தானையை உதறிக்கொண்டு எழுந்தாள். "இத்தன வருசம் நாமதான் ஆத்தாளுக்கு வச்சோம். இன்னைக்குத்தான் அவ ஒரு உசுருக்கு வச்சிருக்கா. தின்னுட்டுப் போகட்டும்" என்றாள். அத்தை சொன்ன பிறகு மேல்முறையீடு கிடையாது.

அதன்பிறகு ஊரே மண்வெட்டியைத் தூக்கியது. அம்மன் புற்றை விட்டுவிட்டு, கண்மாய்க்கரையிலும் காட்டிலும் இருந்த புற்றுகளிலிருந்து கூடை கூடையாகக் கரையான் மண் வந்தது. பிள்ளைகள் இலந்தைப்பழம் பொறுக்கி வந்தார்கள். அதையும் கொட்டையோடு விழுங்கியது. நோட்டின் மூன்றாவது கட்டத்தில் அய்யா முதன்முறையாக 'மிச்சமில்லை' என்று பெரிய எழுத்தில் எழுதினார்.

வெள்ளிக்கிழமை மேனேஜர் சாக்கில் சுற்றிய துப்பாக்கியோடு இறங்கினார். அத்தை கரையான் மண் நிரப்பி நீட்டிய சுளகில் கரடி மூக்கை வைத்து உறிஞ்சிக்கொண்டிருந்ததைப் பார்த்து அந்த மனிதர் அழுதே விட்டார். என்ன கொடுக்க வேண்டும், எவ்வளவு, எந்த மாதத்தில் எது கிடைக்கும் என்று அய்யா ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார். கரடி தன் காலாலேயே லாரியில் ஏறியது. ஊர் கைதட்டியது. அய்யாவின் தோளில் உட்கார்ந்துகொண்டு, அந்தக் கைதட்டல் எல்லாம் எனக்குத்தான் என்று நான் ரகசியமாக நினைத்துக்கொண்டேன்.

ஒரு விஷயம் மட்டும் ஊரில் தங்கிவிட்டது. காளையைச் சாய்க்க வேண்டி வந்தால், "வேற ஆளைக் கட்டச் சொல்லுங்கப்பா, டாக்டரு கட்டுனா கரடி கூட அவுத்துக்கிட்டுப் போயிரும்" என்பார்கள். அய்யா ஓய்வு பெறும் வரைக்கும் சொன்னார்கள். ஒவ்வொரு தடவையும் முதலில் சிரிப்பது நான்தான்.

அய்யா போன பிறகு அந்த நோட்டு என் கைக்கு வந்தது. வியாழக்கிழமைப் பக்கத்தில் இப்படி இருக்கிறது: 'மதியம் மகள் கயிற்றை அவிழ்த்துவிட்டாள். கரடி தானே தேடிப் போய்க் கரையான் தின்றது. ஆட்டுக்காரர்கள் சொல்வது சரி.' ஊரிடம் பொய் சொன்னவருக்கு நோட்டில் பொய் எழுத மனம் வரவில்லை.

அந்தப் பக்கத்தில் ஒடிந்த உடைமுள் ஒன்று நூலால் கட்டிவைக்கப்பட்டிருந்தது. சின்ன முடிச்சுதான். அரைமணி நேரமாகியும் என்னால் அதை அவிழ்க்க முடியவில்லை.