கீழ்வீடு கேட்ட அம்மா

தானா ராத்தா என்ற மலையூரில் அரசாங்க மலிவு வாடகை அடுக்குமாடி வீடுகளைப் பார்வையிட்டு அறிக்கை எழுதுவது என் வேலை. அங்கே நான்காம் மாடியில் தனியாக இருந்த ஓர் அம்மா, முட்டிவலி என்று கீழ்வீடு கேட்டிருந்தார். முன்பு தேயிலைக் கொழுந்து பறித்தவர். ஒல்லியான உடம்பு, சேலைக்கு மேல் ஆண்கள் போடும் குளிர்ச்சட்டை. கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது.

கீழே எனக்காகக் காத்திருந்தவர், என்னைக் கண்டதும், "வாங்க சார், தேத்தண்ணி போடுறேன்" என்று விறுவிறுவெனப் படியேறிவிட்டார். நான் மூச்சிரைக்க மேலே போய்ச் சேர்வதற்குள் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது.

"இப்படி ஏறுனா எப்படிம்மா கீழ்வீடு தருவாங்க?"

"ஏறுறதுக்கு ஒன்னுமில்ல சார். மலையில ஏறிப் பழகின காலு. இறங்குறதுலதான் உயிர் போவுது. நீங்க இறங்குறத மட்டும் எழுதுங்க லா."

வழியனுப்ப வந்தபோது பார்த்தேன். கைப்பிடியைப் பற்றிக்கொண்டு, பின்பக்கமாக, படிக்குப் படி பல்லைக் கடித்தபடி இறங்கினார். அதையே எழுதினேன். கீழ்வீடு கிடைத்தது.

பிறகு ஒருநாள் மேலதிகாரியோடு அங்கே போனேன். கீழ்வீடு பூட்டியிருந்தது. நான்காம் மாடியிலிருந்து அந்த அம்மாவின் குரல் கேட்டது.

"மேல வாங்க சார்! என் பழைய வீட்டுக்குப் புதுசா குடிவந்தவங்களப் பார்க்க வந்தேன்!"

மேலதிகாரி என்னை முறைத்தார்.

"கொஞ்சம் பொறுங்க சார்" என்றேன். "அவங்க இறங்கட்டும்."