ரேடியோவுக்குச் சொன்னதும் அக்காவுக்குச் சொல்லாததும்

நான் ஐந்தாம் வகுப்பு வரைதான் படித்தவள். எழுத்து கோணல் மாணலாக இருக்கும். ஞாபகமும் முன்னைப்போல் இல்லை. பொறுத்துக்கொள்ளுங்கள்.

இது நடந்து இரண்டு வருடம் இருக்கும். மழை பிடிப்பதற்கு முன்னால், வெயில் பொசுக்கிய ஒரு நாள். மும்பை தாராவியில் எங்கள் சந்து ரொம்பக் குறுகல். வாசலில் உட்கார்ந்து கையை நீட்டினால் எதிர் வீட்டைத் தொடலாம். எதிர் வீட்டு அக்காவும் நானும் முப்பது வருடமாக அப்படி எதிரெதிரே உட்கார்ந்து, தையல் கார்கானாவிலிருந்து வரும் சட்டைகளில் பிசிறு நூல் வெட்டுகிறோம்.

சயான் பக்கம் ஒரு கல்லூரிப் பிள்ளைகள் சின்னதாக ரேடியோ நடத்தினார்கள். அன்று முழுக்கப் பேச்சுதான், பாட்டே கிடையாது என்று ஒரு வாரமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அக்கா தன் ரேடியோவை வாசலில் வைத்தால் சந்துக்கே கேட்கும். காலையில் ஒரு டாக்டர் சர்க்கரை வியாதியைப் பற்றி இந்தியில் பேசினார். அக்கா சாயா டம்ளரைப் பார்த்துவிட்டு, "இவரு சொல்லுதத கேட்டா பச்சத் தண்ணிதான் குடிக்கணும் போலுக்கே" என்றாள். அப்புறம் ரேஷன் கார்டில் பெயர் சேர்ப்பது எப்படி என்று ஒருவர் மராத்தியில் சொன்னார். சந்தில் பாதிப் பேர் கைவேலையை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள். சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு புருஷன் பெண்டாட்டி சண்டை நாடகம்.

மூன்று மணி வாக்கில், "அடுத்து நம்ம அம்மாக்கள் பேசுறாங்க" என்று தமிழில் ஒரு பெண் குரல் வந்தது. 

அந்தக் குரல் எனக்குத் தெரியும். பதினைந்து நாள் முன்னால் எங்கள் பேச்சை ரேடியோவுக்காகப் பதிவுசெய்யச் செம்பூரிலிருந்து வந்த கல்லூரிப் பெண். அன்று அக்கா வீட்டில் இல்லை. நாலு பேர் இருந்தால் எனக்கு வாய் திறக்காது. இவள் தனியாக வந்து தரையில் உட்கார்ந்து கேட்கவும் பேச்சு வந்துவிட்டது. கடைசியாக, மனசை உறுத்துகிற விஷயம் ஏதாவது உண்டா என்று கேட்டாள். சொல்லிவிட்டேன். எல்லாவற்றையும் போடலாமா என்று ஒரு தாளை நீட்டினாள். என்ன எழுதியிருக்கிறது என்று கேட்கக் கூச்சம். தலையை ஆட்டிக் கையெழுத்துப் போட்டேன். பம்பாய் ரேடியோவில் தமிழை யார் போடப்போகிறார்கள் என்று ஒரு நினைப்பு.

"ஏளா, நீயில்லா பேசுத" என்று அக்கா சிரித்தாள். சத்தத்தைக் கூட்டினாள்.

ரேடியோவில் நான் சொன்னது இதுதான். ஒன்பது வருடத்துக்கு முன்னால் அக்கா மகனுக்குப் பெண் கொடுக்க ஊரிலிருந்து வந்தவர்கள், நம் பக்கத்து வழக்கப்படி, அக்கம்பக்கத்தில் விசாரித்தார்கள். என்னிடமும் கேட்டார்கள். சின்ன வயதில் ஒரே ஒரு தடவை பையனுக்குக் கைகால் வெட்டி இழுப்பு வந்திருந்தது. நான் அடிக்கடி இழுக்கும் என்று சொன்னேன். என் தம்பி மகளை அவனுக்கு முடிக்கலாம் என்ற ஆசை. வந்தவர்கள் போனவர்கள்தான். யார் கெடுத்தது என்று அக்கா அழுதபோது, பக்கத்தில் உட்கார்ந்து நானும் யாராக இருக்கும் என்று கேட்டேன். என் தம்பி மகளும் அமையவில்லை. அவனுக்கு வேறு இடத்தில் முடிய மூன்று வருடம் ஆனது.

ரேடியோவை அணைக்கக் கையை நீட்டினேன். அக்கா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"அணைக்காத. முழுசும் கேப்போம்."

முடியும்வரை பிடியை விடவில்லை. அடுத்து யாரோ தொட்டியில் கறிவேப்பிலை வளர்ப்பதைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். சந்தில் ஒரு கத்தரிக்கோல் சத்தம்கூட இல்லை.

"எனக்கு அந்த வாரமே தெரியும்ளா" என்றாள். "பொண்ணோட சித்தி போன் போட்டுச் சொல்லிட்டா. நீயே வந்து சொல்லுவன்னு இருந்தேன். எவளோ ஒரு பிள்ளைகிட்ட சொல்லியிருக்க. எதுத்தாப்ல இருக்கவகிட்ட சொல்ல ஒனக்கு வாய் வரலயா?"

ஒன்பது வருடம். தெரிந்துகொண்டேதான் எனக்குக் குழம்பு கொடுத்திருக்கிறாள். எனக்குக் கர்ப்பப்பை ஆபரேஷன் நடந்தபோது, தெரிந்துகொண்டேதான் ஆஸ்பத்திரித் தரையில் எனக்குத் துணையாகப் படுத்திருக்கிறாள். என் குரல் ரேடியோவில் வந்ததைவிட இதுதான் என்னை அடித்துப்போட்டது. அவள் சட்டை மூட்டையை உள்ளே இழுத்துக்கொண்டு கதவைச் சாத்தினாள்.

எட்டு நாள் அந்தக் கதவு பகலில் திறக்கவில்லை. ஒன்பதாவது நாள் நானே போய்த் தட்டினேன். உள்ளே உட்கார்ந்து, அவளுக்குத் தெரிந்ததையே முதலிலிருந்து என் வாயால் சொன்னேன். குறுக்கே பேசாமல் கேட்டுவிட்டு, "ரேடியோல இதவிட நல்லா சொன்ன" என்றாள். அவ்வளவுதான்.

இப்போதும் எதிரெதிரேதான் உட்காருகிறோம். எல்லாம் பழையபடி ஆகிவிட்டது என்று எழுதினால் பொய். அந்தப் பேச்சு ஒன்பது வருடமாக என்னை மட்டும்தான் உறுத்துகிறது என்று நினைத்திருந்தேன். எதிரே இருந்தவள் தினமும் அதற்காகக் காத்திருந்தாள் என்பதை நினைத்தால் இன்றும் கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிடுகிறேன்.

இதை உங்கள் பத்திரிகைக்கு அனுப்பும் முன் அவளுக்குத்தான் முதலில் வாசித்துக் காட்டினேன். இரண்டு இடத்தில் திருத்தினாள். டாக்டர் முதலில் பேசினாரா, ரேஷன் கார்டு முதலில் வந்ததா என்பதில் மட்டும் எங்கள் இருவருக்கும் சந்தேகம். அன்று கேட்டவர்கள் யாராவது இருந்தால் சரிபார்த்துச் சொல்லுங்கள்.