என் குரல் கேட்கக் கூடாத வேலை

வானொலி நிலையத்தில் வேலை கிடைத்துவிட்டது என்று வீட்டில் சொன்ன அன்று அம்மா கேட்ட முதல் கேள்வி: "எத்தினை மணிக்கு உன்ரை குரல் வரும்?"

"என்ரை குரல் வராது அம்மா. வந்தால் வேலை போயிடும்."

அம்மா அப்பாவைப் பார்த்தார். அப்பா என்னைப் பார்த்தார். "அப்ப மூண்டு வருஷம் ஆவுஸ்பில்டுங் எண்டு போய் என்னத்தைப் பிள்ளை படிச்சனீ?"

நியாயமான கேள்விதான். சம்பளத்தோடு மூன்று வருடத் தொழிற்பயிற்சி முடித்தவள், என்ன தொழில் என்று ஒரு வரியில் சொல்ல முடியாமல் நின்றேன். ஜெர்மனியில், டோர்ட்மண்டில் இருக்கும் எங்கள் சொந்தக்காரர் யாருக்கும் ஒலித் தொழில்நுட்பவியலாளர் என்ற சொல் விளங்கவில்லை. "கோயிலிலை ஸ்பீக்கர் கட்டுற ஆக்கள் மாதிரியோ?" என்று ஒரு மாமா கேட்டார். ஓரளவு அப்படித்தான் என்று சொல்லித் தப்பினேன்.

உண்மையில் அதைவிடப் பத்து மடங்கு சுவாரசியமான வேலை அது. காலை ஐந்தரைக்கு நிலையத்துக்குள் நுழைவேன். மைக்குகளைச் சோதிப்பேன். செய்தியாளர்கள் தெருவில் நின்று கைப்பேசியில் பதிந்து அனுப்பிய குரல்களிலிருந்து காற்றையும் லொறிச் சத்தத்தையும் குறைப்பேன். ஒரு நகரசபை உறுப்பினர் நான்கு நிமிடம் பேசியதை, அவர் சொன்ன கருத்து மாறாமல், நாற்பது விநாடிக்குள் அடக்குவேன். எனக்கு மிகவும் பிடித்தது நேரலை. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நானும் என் கலவை மேசையும், அந்தப் பக்கம் அறிவிப்பாளரும் விருந்தாளியும். யாரும் வாய் திறப்பதற்கு முன் ஒரு சின்ன மூச்சு எடுப்பார்கள். அந்த மூச்சுக்குள் என் விரல் அவருடைய மைக்கை ஏற்றிவிட வேண்டும். சரியாக ஏற்றினால் யாருக்கும் தெரியாது. பிந்தினால் முதல் சொல் பாதியாக வெட்டுப்படும், கேட்டவர்கள் எல்லோருக்கும் தெரிந்துவிடும்.

சம்பளத்தையும் சொல்லிவிடுகிறேன், எப்படியும் எல்லோரும் கேட்பீர்கள். பயிற்சிக் காலத்தில் மாதம் ஆயிரத்துச் சொச்சம் யூரோ. வேலையில் சேர்ந்த பிறகு, வரியும் காப்புறுதியும் போக, கைக்கு இரண்டாயிரத்து இருநூறு அளவில் வந்தது. ஞாயிறும் விடுமுறை நாளும் வேலை செய்தால் கொஞ்சம் கூட. அப்பா சம்பளத் தாளை இரண்டு தரம் வாசித்துவிட்டு, "வாய் திறக்காமல் இருக்கிறதுக்கு நல்ல காசுதான். ஆனா உன்னைப் போலை ஆளுக்கு அதைவிடக் கஷ்டமான வேலை வேறை இல்லை" என்றார்.

முதல் ஆறு மாதம் தேர்வுக் காலம். பிடிக்காவிட்டால் இரண்டு வார அறிவித்தலோடு அனுப்பிவிடலாம். முதல் நாளே எங்கள் தொழில்நுட்பத் தலைவர் சொல்லிவிட்டார்: "இங்கே இரண்டே குற்றங்கள்தான். ஒன்று மௌனம். மற்றது தொழில்நுட்பவியலாளரின் குரல்." நேரலையில் பத்து விநாடி சத்தம் எதுவும் வராவிட்டால், நிலையம் செத்துவிட்டது என்று ஒரு கருவி முடிவுசெய்து, தானாகவே ஒரு பியானோ இசையைப் போட்டுவிடும். அந்த இசை ஒலிபரப்பாகிவிட்டால் அறிக்கை எழுத வேண்டும். தேர்வுக் காலத்தில் அறிக்கை எழுதிய ஒருவர் இப்போது எங்கே வேலை செய்கிறார் என்று யாருக்கும் தெரியவில்லை.

ஐந்தாவது மாதம், காலை நிகழ்ச்சியை முதன்முதலாகத் தனியே என் கையில் தந்தார்கள். அன்றைய விருந்தாளி ஒரு டிராம் சாரதி. சீருடையோடு உள்ளே வந்தவரைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. யாழ்ப்பாணத்து அக்கா!

குரல் அளவு பார்ப்பதற்கு இங்கே எல்லோரும் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: காலையில் என்ன சாப்பிட்டீர்கள்? நான் தமிழில் கேட்டேன்.

"பாணும் சம்பலும். நீ சாப்பிட்டியோ பிள்ளை?"

"இன்னும் இல்லை அக்கா."

"ஐயோ, ஏன்? சரி, அப்பா எந்த ஊர்?"

"சுன்னாகம்."

"சுன்னாகத்திலை எவடம்? உனக்குக் கலியாணம் சரி வந்திட்டுதோ, இன்னும் பாக்கினமோ?"

கலவை மேசையில் குரல் அளவு காட்டும் முள் துள்ளி விளையாடியது. அறிவிப்பாளர் ஒரு சொல்லும் விளங்காமலே பெருவிரலை உயர்த்திக் காட்டினார். இவ்வளவு நன்றாகப் பேசும் விருந்தாளி கிடைப்பது அபூர்வம்.

ஒரே தொல்லை, கையில் கிடந்த தங்கக் காப்புகள். மேசையில் பட்டுக் கிலுங் கிலுங் என்றன. "அக்கா, காப்பைக் கொஞ்சம் கழட்டி வைக்க ஏலுமோ?" என்று கேட்டதுதான் தாமதம், அவர் முகம் மாறிவிட்டது.

"என்ன கதை கதைக்கிறாய்? மனுசன் உயிரோடை இருக்கேக்கை காப்புக் கழட்டுறதோ? நல்லாத்தான் வளர்த்திருக்கினம்!"

நாக்கைக் கடித்துக்கொண்டேன். கடைசியில் மைக்குக்குப் போடும் கறுப்புப் பஞ்சுறையைக் கிழித்துக் காப்புகளைச் சுற்றிக் கட்டினேன். கையை ஆட்டிப் பார்த்தோம். சத்தமே இல்லை.

சிவப்பு விளக்கு எரிந்தது. அறிவிப்பாளர் அவரை அறிமுகப்படுத்திவிட்டுக் கேட்டார்: "இருபது வருடமாக ஓட்டுகிறீர்கள். அதிகாலையில் முதல் வண்டியை எடுக்கும்போது இன்னமும் சந்தோஷமாக இருக்கிறதா?"

கேட்டுவிட்டு, இனி இவர் ஐந்து நிமிடம் பேசுவார் என்ற நம்பிக்கையில் தேநீரை ஒரு மிடறு குடித்தார்.

அக்கா முகமெல்லாம் சிரிப்பாகத் தலையை இரண்டு பக்கமும் ஆட்டினார்.

பார்த்த எந்தத் தமிழருக்கும் விளங்கும், அது மனம் நிறைந்த ஓம். வானொலியில் அது ஒன்றுமே இல்லை. ஒரு விநாடி. இரண்டு. ஆம் என்கிறாரா இல்லை என்கிறாரா என்று தெரியாத அறிவிப்பாளர் அவசரமாக ஏதோ சொல்லப் போய், தேநீர் புரைக்கேறி, தன் மைக்கை அணைத்துக்கொண்டு இருமத் தொடங்கினார். நான்கு. அக்கா, தன் பதில் போதவில்லை என்று நினைத்தாரோ என்னவோ, இன்னும் பெரிதாகத் தலையாட்டினார். காப்பாவது கிலுங்கியிருக்கும். அதன் வாயையும் நான்தானே கட்டிவிட்டிருந்தேன்!

ஆறு. விருந்தாளியின் ஹெட்போனுக்குள் மட்டும் பேசுவதற்கு ஒரு பொத்தான் இருக்கிறது. அடித்தேன்.

"அக்கா, தலையாட்டாதேங்கோ! வாயைத் திறந்து சொல்லுங்கோ! ரேடியோவிலை தலை தெரியாது!"

என் குரல் எனக்குப் பின்னாலிருந்த ஒலிபெருக்கியில் கணீரென்று கேட்டது. நான் அடித்தது பக்கத்துப் பொத்தான், அவசர அறிவிப்புக்கு நேரலையைத் திறக்கும் பொத்தான்.

அக்கா கண்ணாடியூடாக என்னைப் பார்த்தார். "ஓம் பிள்ளை, ஓம்! மறந்துபோனன். சாரதியோடை கதைக்கக் கூடாது எண்டு வண்டியிலை எழுதியெல்லோ கிடக்கு. இருபது வருஷமா வாயை மூடிப் பழகிப்போச்சு!" பிறகு அதையே ஜெர்மனில் சொல்லி, தானே சிரித்து, எட்டு நிமிடம் நிறுத்தாமல் பேசினார். பனியில் தண்டவாளம் வழுக்குவது, கடைசி நிறுத்தத்தில் தூங்கிக் கிடக்கும் மாணவர்களை எழுப்புவது, எல்லாம். அருமையான எட்டு நிமிடம். நான் ஒன்றையும் ரசிக்கவில்லை. அனுப்பிவிடுவார்கள் என்று மட்டும் தெரிந்திருந்தது.

பத்து மணிக்குத் தலைவர் கூப்பிட்டார். பதிவைப் போட்டுக் கேட்டார். இரண்டாம் தரமும் கேட்டார்.

"என்ன சொன்னீர்கள்?"

மொழிபெயர்த்தேன். காப்பு, பஞ்சுறை, தலையாட்டல் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் ஒப்புவித்தேன். அவர் திரையில் எதையோ அளந்தார்.

"ஆறரை விநாடி" என்றார். "இரண்டாவது குற்றத்தைச் செய்து முதலாவதைத் தடுத்திருக்கிறீர்கள். உங்கள் கடிதத்தை அடுத்த மாதம் எழுதுவதாக இருந்தேன். இன்றைக்கே எழுதிவிடுகிறேன்."

"எந்தக் கடிதம்?"

"நிரந்தர வேலைக் கடிதம். ஆனால் தவறான பொத்தான் என்று அறிக்கையும் எழுத வேண்டும். அதை நீங்கள் எழுதுங்கள்."

எழுதினேன். அந்தப் பொத்தானைச் சுற்றிச் சிவப்பு நாடாவும் ஒட்டினேன். வெளியே வந்து கைப்பேசியைப் பார்த்தால் அம்மாவின் அழைப்புகள் ஏழு.

"குரல் வராது எண்டாய்?"

"வந்திட்டுது அம்மா. வேலையும் போகேல்லை. நிரந்தரமாக்கிப்போட்டினம்."

"சந்தோஷம். நல்ல தெளிவாக் கேட்டது. மாமா ஆக்களும் கேட்டவை." கொஞ்ச நேரம் பேச்சில்லை. நான் பழக்கத்தில் விநாடி எண்ணினேன். மூன்றாவது விநாடியில் அம்மா தொடங்கினார்:

"ஆனா ஏன் பிள்ளை, பாவம் அந்த மனுசியை அப்பிடி அதட்டினனீ?"