புது பிரஷ்ஷின் வாடை

சவரம் செய்துகொள்வதில் எனக்குக் கொஞ்சம் கிறுக்கு உண்டு. ஐம்பதைத் தாண்டிய மனிதனுக்கு ஏதாவது ஒரு கிறுக்கு இருப்பது வீட்டுக்கு நல்லது என்பது என் கட்சி. எங்கள் தெருவில் ஒருவர் கூண்டு கூண்டாக லவ் பேர்ட்ஸ் வளர்க்கிறார். நான் செல்போனில் சவர வீடியோ பார்க்கிறேன். பார்த்துப் பார்த்து ஆசை முற்றி, பன்றி முடியில் செய்த பிரஷ் ஒன்றைக் கூரியரில் வரவழைத்துவிட்டேன்.

புதுப் பன்றி முடி பிரஷ்ஷை வந்த அன்றே முகத்தில் வைக்க முடியாது. விளக்குமாறு மாதிரி குத்தும். தினமும் தண்ணீரில் ஊறப்போட்டு, சோப்பைக் குழைத்து நுரை கிளப்பி, அலசி உதறிக் காயவைக்க வேண்டும். இரண்டு மூன்று வாரம் விடாமல் இப்படிச் செய்தால் முடியின் நுனியெல்லாம் பிளந்து மெத்தென்று ஆகிவிடும். அதுவரைக்கும் ஒரு வாடை இருக்கும். நனைந்த பன்றியின் வாடைதான், வேறென்ன.

"என்ன முடி இது?" என்று கேட்டாள் மனைவி. பெருமையாகச் சொன்னேன். அவள் போய் முன் அறைக் கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.

"அறிவிருக்கா உங்களுக்கு? எங்க அண்ணன் இருக்க வீட்டுல பன்னி முடியக் கொண்டாந்து வச்சிருக்கீய!"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. மச்சான் ஒரு மாதமாக எங்களோடு இருந்தார். அவர் எங்கள் வீட்டுக்கு வந்ததே ஒரு பன்றியால்தான்.

அவருக்குப் பிளவக்கல் பக்கம் மலையடிவாரத்தில் மக்காச்சோளக் காடு. காட்டுப்பன்றி வராமல் இருக்க, அங்கே சலூன்களில் வெட்டிப் போடும் முடியை மூட்டையாக வாங்கி வந்து வரப்பைச் சுற்றித் தூவுவார்கள். மண்ணை மோந்துகொண்டே வரும் பன்றிக்கு மூக்கில் முடி ஏறினால் ஆகாது, திரும்பிவிடும். மச்சான் தூவிய முடியை மழை அடித்துக்கொண்டு போய்விட்டது. நாளைக்குத் தூவலாம், நாளைக்குத் தூவலாம் என்று ஒரு வாரத்தைப் போக்கிவிட்டார். ஒரு நாள் காலை நல்ல வெயிலில் கதிர் பார்க்க உள்ளே நுழைந்தவர் முன்னால் பன்றி எழுந்து நின்றது. தடுக்க நீட்டிய வலது கையை அதன் கோரைப்பல் கிழித்துவிட்டது.

ராஜபாளையத்தில் ஆபரேஷன் செய்து நரம்பைச் சேர்த்தார்கள். நான் வேலை பார்ப்பது பேண்டேஜ் துணிக் கம்பெனியில். இருபத்தைந்து வருடமாக கஜம் கஜமாகப் பார்த்த துணியை அவர் கையில் சுற்றிப் பார்த்தபோதுதான் அது எதற்கு ஆகிறது என்று மனதில் பட்டது. காயம் ஆறியது. விரல்கள் மட்டும் மடங்கவில்லை. இன்னும் ஒன்றரை மாதத்துக்குள் பழக்கினால்தான் உண்டு, இல்லையென்றால் இப்படியே நின்றுவிடும் என்றார் டாக்டர். பிசைந்து பழக ஒரு ரப்பர் பந்து கொடுத்தார்கள். அது ஜன்னல் திண்டிலேயே கிடந்தது.

"பந்து வச்சு வெளையாடுத வயசா மாப்ள எனக்கு?" என்பார் மச்சான். பிறகு சுவரைப் பார்த்துக்கொண்டு, "காட்டை ஆருகிட்டயாச்சும் விட்டுரலாம்னு பாக்கேன். மம்பட்டி பிடிக்க முடியாதவனுக்குக் காடு எதுக்கு?" என்பார். கல்யாண வீட்டில் பந்திக்குக்கூட நிற்காமல் தண்ணி பாய்ச்ச ஓடுகிற மனிதர் அவர். அவர் இப்படிப் பேசும்போதெல்லாம் மனைவி அடுப்படியில் போய் நின்றுகொள்வாள்.

தாடியையும் அப்படியே விட்டிருந்தார். கை சரியானால் நானே பண்ணிக்கொள்வேன், இன்னொருவன் தொடக்கூடாது என்பது வீம்பு. பிசியோதெரபிக்குக் கூட்டிப் போகும் பஸ்ஸில் கண்டக்டர், "சாமி, உள்ள தள்ளிப் போங்க" என்பார். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் பூசை முடிந்து வெளியே வந்தால், தாடியைப் பார்த்து என்ன நேர்த்திக்கடன் என்று கேட்பார்கள். ஒரு நாள், "பன்னிக்கு நேந்துருக்கேன்" என்று சிடுசிடுத்தார். அதன் பிறகு கோயிலுக்கும் வருவதில்லை.

இப்படிப்பட்டவர் இருக்கிற வீட்டில் பிரஷ்ஷைத் தூக்கிப் போட்டிருக்க வேண்டும். ஆசை விடவில்லை. காலையில் அவர் எழுவதற்கு முன்னால் கொல்லைப்புறக் குழாயடியில் உட்கார்ந்து திருடன் மாதிரி நுரை கிளப்பினேன். முதல் நாள் பாதி சோப்பை பிரஷ்ஷே விழுங்கிவிட்டது. வாடையோ, நுரையையும் மீறி எழுந்தது. துணி காயும் கொடியில் கிளிப் மாட்டித் தொங்கவிட்டு, மேலே ஒரு துண்டைப் போட்டு மறைத்தேன்.

நான்காம் நாள் மச்சான் சீக்கிரமே எழுந்து பல் துலக்க வந்துவிட்டார். பிரஷ்ஷை முதுகுக்குப் பின்னால் மறைத்தேன். அவர் இரண்டு எட்டு வைத்து நின்றார். இடது கையிலிருந்த செம்பு கீழே விழுந்து உருண்டது.

"மாப்ள, இங்கன பன்னி நிக்கு."

"பன்னியா? டவுனுக்குள்ள எங்க மச்சான் பன்னி வருது? சாக்கடையா இருக்கும்."

அவர் கேட்கவில்லை. ஒரு கம்பை எடுத்துக்கொண்டு மதிலுக்கு அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தார். விறகுக் கட்டைக்குப் பின்னால் குத்திப் பார்த்தார். அன்று முழுக்க அறையை விட்டு வரவில்லை. மத்தியானச் சோற்றுத் தட்டு அப்படியே திரும்பியது. சாயங்காலம் நான் வேலை முடிந்து வந்ததும் என்னை மட்டும் உள்ளே கூப்பிட்டு, மெதுவாகக் கேட்டார்.

"உங்க ரெண்டு பேருக்கும் நாறல. எனக்கு மட்டுந்தான் நாறுது. மண்டைக்கு ஏறிட்டுதோ மாப்ள?"

அந்தக் கேள்வியை என்னால் தாங்க முடியவில்லை. என் அற்ப ஆசைக்காக ஒரு மனிதரைத் தன் புத்தி மேலேயே சந்தேகப்பட வைத்துவிட்டேன். கொடிக்குப் போய் பிரஷ்ஷை எடுத்து வந்து அவர் முன்னால் நீட்டினேன். "உங்களுக்கு ஒண்ணும் ஆகல மச்சான். நாத்தம் இதுதான். பன்னி முடி. நான்தான் மறைச்சு வச்சேன்" என்றேன். வாசலில் நின்ற மனைவி என்னைப் பார்த்த பார்வையை இப்போது நினைத்தாலும் உடம்பு கூசுகிறது.

மச்சான் வெகுநேரம் அதைத் தொடவில்லை. பிறகு இடது கையால் வாங்கி மோந்து பார்த்தார். முகத்தைத் திருப்பிக்கொண்டார். மறுபடியும் மோந்தார்.

"அதேதான்," என்றார். "அதேதான் மாப்ள." அந்தக் குரலில் நிம்மதி இருந்தது. பிரஷ்ஷைத் திருப்பிப் பார்த்தபடி, "நான் மனுச முடிய மூட்டை மூட்டையாத் தூவி அதை வெரட்டுனேன். நீங்க அது முடியத் தேடிப் புடிச்சு மூஞ்சில தேய்க்கீய. நல்ல குடும்பம்" என்றார்.

ஒரு மாதத்தில் முதல் தடவையாகச் சிரித்தார். நாங்களும் சிரித்தோம், மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டே.

"வெளிய தூக்கிப் போட்டுருதேன் மச்சான்."

"இருக்கட்டும். அதை எப்படிப் பழக்கணும்னு மட்டும் சொல்லுங்க."

மறுநாள் காலை கொல்லையில் சரசரவென்று சத்தம். மச்சான் முக்காலியில் உட்கார்ந்து, சில்வர் கிண்ணத்தை முழங்கால்களுக்கு நடுவில் இடுக்கியிருந்தார். பிரஷ் வலது கையில். விரல்கள் பிடிக்காததால் கைப்பிடியோடு சேர்த்து ஒரு பேண்டேஜ் துணியைச் சுற்றியிருந்தார். பல்லைக் கடித்துக்கொண்டு கிண்ணத்தில் ஆட்டினார். "சுத்துலே, சுத்து! எங்க ஓடுத?" என்று அதனோடு பேச்சு வேறு. நுரை முழங்கை வரை வழிந்தது. துணி நழுவி பிரஷ் கீழே விழும். கெட்ட வார்த்தை ஒன்று சொல்லி எடுத்து அலசி, மறுபடி ஆரம்பிப்பார். காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை. என் சோப்பு ஒரே வாரத்தில் கரைந்து போனது. புதுசு ஒன்று வாங்கி வைத்தேன்.

இரண்டாம் வாரம் துணி சுற்றாமல் பிடித்தார். பிசியோதெரபி பார்க்கும் பெண் விரல்களை மடக்கிப் பார்த்துவிட்டு, "பந்து நல்லா வேலை செய்யுதே ஐயா" என்றாள். "ஆமாம்மா, நல்ல பந்து" என்றார் மச்சான், என் பக்கம் திரும்பாமல்.

மூன்றாம் வாரம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை என்னைக் கொல்லைக்குக் கூப்பிட்டார். தாடியைக் கத்தரிக்கோலால் ஒட்டக் கத்தரித்து வைத்திருந்தாள் மனைவி. பிரஷ்ஷை என் மூக்குக்கு நேரே நீட்டினார். சோப்பு வாசம் மட்டும்தான் இருந்தது.

"நாத்தம் போயிட்டுது," என்றார்.

கண்ணாடி முன்னால் நின்று, வலது கையால் கன்னம் முழுக்க நுரை பூசினார். ரேசரையும் அதே கையால் வாங்கிக்கொண்டார். இடது கன்னத்தை மெதுவாக, ஒரு கீறல் இல்லாமல் எடுத்துவிட்டார். வலது பக்கம் பாதி வரும்போது கை நடுங்க ஆரம்பித்தது. நிறுத்தி, கையை உதறினார். திரும்பவும் முயன்றார். முடியவில்லை.

நான் வேறு எங்கேயோ பார்ப்பது போல நின்றேன். இன்னொருவன் தொடக்கூடாது என்று சொன்ன மனிதர், ரேசரை என்னிடம் நீட்டிவிட்டு முக்காலியில் உட்கார்ந்து தலையை அண்ணாந்து கொடுத்தார்.

"மிச்சத்த நீங்க எடுங்க மாப்ள."

கழுத்தில் ரேசரை வைத்து மெதுவாக இழுத்தேன். அவர் கண்ணை மூடிக்கொண்டே பேசினார்.

"உங்க தெரு முக்குல சலூன் இருக்குல்லா? அங்கன ரெண்டு மூட்டை முடி சொல்லி வைங்க. அடுத்த வாரம் காட்டுக்குப் போணும். இந்தத் தடவ மழை பேஞ்சா மறுநாளே தூவிருவேன்."