சாலம்மாளின் சத்தம்

பொழுது விடிந்ததும் சாலம்மாள் கட்டில் கட்டிலாகப் போய், தூங்குகிறவர்களின் கால் கட்டைவிரலைப் பிடித்து ஆட்டுகிறார். வெந்நீர் வந்துவிட்டது, எழுந்து வாங்கிக்கொள்ளுங்கள் என்று அதற்கு அர்த்தம். கழுத்தைச் சுற்றிப் பெரிய கட்டு. அதற்குள்ளிருந்து இறங்கும் மெல்லிய குழாய், கசிவைச் சேர்க்கும் சிறு டப்பாவில் போய் முடிகிறது. அந்த டப்பாவை ஜவுளிக்கடை மஞ்சள் பைக்குள் போட்டு, காட்டு வேலைக்குச் சோற்றுப் போசி கொண்டுபோகிறவர் போலத் தோளில் மாட்டியிருக்கிறார். சேலத்து ஆஸ்பத்திரியின் பெண்கள் வார்டு முழுவதும் அவருடைய மேற்பார்வையில்தான் கண் விழிக்கிறது.

ஊரில் என்றால் இந்தக் கட்டைவிரல் வேலையே கிடையாது. சேந்தமங்கலத்துப் பக்கம் குச்சிக்கிழங்கு பிடுங்கவும் வெங்காயக் காட்டில் களையெடுக்கவும் பெண்களைத் திரட்டிக் கூட்டிப் போகிறவர் சாலம்மாள். டெம்போ வந்து நின்றதும் தெருமுனையில் நின்று ஒரு சத்தம் கொடுப்பார். நாலா தெருவிலும் அடுப்பை அணைத்துவிட்டுப் பெண்கள் கிளம்பிவிடுவார்கள். அவர் போன் செய்தால் எடுக்கிறவர்கள் கருவியைக் காதிலிருந்து ஒரு முழம் தள்ளியே பிடித்துக்கொள்வார்களாம்.

அந்தத் தொண்டையில் இப்போது காற்று மட்டும்தான் வருகிறது.

அடுத்த கட்டிலுக்கு மோகனூரிலிருந்து தனப்பிரியா வந்து சேர்ந்த அன்று, சாலம்மாளுக்குக் கழுத்துக் கட்டிக்கான அறுவை ஏற்கெனவே முடிந்திருந்தது. தனப்பிரியாவுக்கும் அதே தைராய்டு கட்டிதான். நாமக்கல்லில் லாரி புக்கிங் ஆபீஸில் நாள் முழுக்கப் போனில் பேசுகிற வேலை அவளுக்கு. எந்த லாரி எந்தச் செக்போஸ்ட்டில் நிற்கிறது, எந்த லோடு எங்கே இறங்க வேண்டும் என்று பேசிப் பேசியே பிழைக்கிறவள். கட்டிலில் பையை வைத்ததும், "ஏனுங்கக்கா, ஆப்பரேசன் நெம்ப வலிக்குங்களா?" என்று கேட்டாள். சாலம்மாள் வாயைத் திறந்தார். காய்ந்த சருகை மிதித்தாற்போல ஒரு சரசரப்பு வந்தது. தனப்பிரியா இரண்டடி பின்னால் நகர்ந்தாள். பையை மறுபடி கையில் எடுத்து, "எனக்கு வேண்டாம், ஊட்டுக்குப் போயரலாம்" என்று கணவனிடம் அழுதாள்.

சாலம்மாள் எழுந்து வந்து, பையை அவள் கையிலிருந்து பிடுங்கித் தன் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டு, மேலே உட்கார்ந்துகொண்டார்.

துணைக்கு வந்திருந்த பொன்னாத்தாள்தான் அவருக்குப் பதிலாகப் பேசினாள். அவளும் கிழங்கு பிடுங்குகிறவர்களில் ஒருத்தி. "எங்கக்காவுக்குத் தேங்காயாட்டம் கட்டி அம்மிணி. அது சத்தம் வர்ற நரம்போட ஒட்டிப் போச்சாம். படுத்தா மூச்சு முட்டும். உனக்கு எலந்தப்பழமாட்டம்தான் இருக்குது. நீ ஏன் பயப்படறே?" பிறகு குரலைத் தாழ்த்தி இன்னொன்றும் சொன்னாள். "சத்தம் போனாலும் போயிரும்னு டாக்டரு முன்னாடியே சொல்லிட்டாருங்க. இங்க வாரதுக்கு மொத நாளு, வேல முடிஞ்சு அல்லாரும் கெளம்பறோம். இது வரப்பு மேல ஏறி நின்னு ஒவ்வொருத்தி பேரா கூப்புட்டுது பாருங்க. என்ன ஏதுன்னு ஓடியாந்தோம். ஒண்ணுமில்ல, சும்மாதான் கூப்புட்டேன், போங்கன்னுட்டுது."

தனப்பிரியா சாலம்மாளைப் பார்த்தாள். அவர் கட்டில் விரிப்பின் சுருக்கத்தை நீவிக்கொண்டிருந்தார்.

"சத்தம் திரும்ப வராட்டி என்னங்கக்கா பண்ணுவீங்க?" என்று மெல்லக் கேட்டாள்.

சாலம்மாள் அவள் காதருகே குனிந்தார். "விசில் வாங்கிக்குவேன் சாமி" என்றது காற்று.

அவர் சிரித்தபோது தோள் குலுங்கியது, கட்டு வலித்திருக்க வேண்டும், முகத்தைச் சுளித்துக்கொண்டே சிரித்தார். இப்படியும் ஒரு மனுஷியா என்று தனப்பிரியாவுக்கு வியப்பாக இருந்தது. அதற்குப் பிறகு பையைத் திருப்பிக் கேட்கவில்லை.

அறுவை முடிந்து வார்டுக்குக் கொண்டுவந்தபோது நர்ஸ் சரிதா அவள் கன்னத்தைத் தட்டி, "பேரு சொல்லுங்க" என்றாள். "தனப்பிரியா... மோகனூருங்க." கரகரப்பாகத்தான் வந்தது, ஆனால் குரல் வந்தது. அரை மயக்கத்தில் கண்ணைத் திறந்தவளுக்குப் பக்கத்துக் கட்டில் தெரிந்தது. தனக்குப் போனது இன்னொருத்திக்குப் போகாமல் தங்கிவிட்டதற்காகச் சாலம்மாள் இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கிக் கும்பிட்டுக்கொண்டிருந்தார்.

மறுநாள் மத்தியானம். கணவன் மருந்து வாங்கப் போயிருந்தான், பொன்னாத்தாள் துணி அலசப் போயிருந்தாள். தனப்பிரியாவுக்கு உதட்டைச் சுற்றி எறும்பு ஊர்வது போலிருந்தது. விரல் நுனிகள் மரத்தன. படுத்தே கிடப்பதால் அப்படி இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். கொஞ்ச நேரத்தில் விரல்கள் ஐந்தும் தாமாகவே குவிந்து, மணிக்கட்டு உள்ளே மடங்கிக்கொண்டது. விரிக்கப் பார்த்தாள், முடியவில்லை. பயத்தில் நாக்கு எழவில்லை.

சாலம்மாள் பார்த்துவிட்டார். அறுவை முடிந்த மறுநாள் அவருக்கும் உதடு மரத்து, மாத்திரையில் சரியாகியிருந்தது. துள்ளி எழுந்தார். காலை ஊன்றி, நெஞ்சை நிமிர்த்தி, கழுத்து நரம்பு புடைக்க, வார்டின் கோடியில் இருந்த நர்ஸை நோக்கி முழு மூச்சோடு கூப்பிட்டார். தன்னிடம் குரல் இல்லை என்பதையே அந்த நிமிஷம் மறந்துவிட்டார். திறந்த வாயிலிருந்து ஒன்றும் வரவில்லை. ஊரையே எழுப்பும் வேகத்தில் ஒரு உடம்பு முழுவதும் கூவ, ஓசை மட்டும் இல்லாமல் போனதைத் தனப்பிரியா கட்டிலில் கிடந்தபடி பார்த்தாள்.

ஒரு கணம்தான். கைக்கு எட்டிய எவர்சில்வர் சொம்பை எடுத்துக் கட்டிலின் இரும்புச் சட்டத்தில் அடிக்க ஆரம்பித்தார். டண் டண் டண் என்று வார்டு அதிர்ந்தது. தண்ணீர் சிதறியது, மஞ்சள் பை தோளிலிருந்து நழுவிக் குழாயில் தொங்கியது, அவர் நிறுத்தவில்லை. சரிதா ஓடி வந்தாள். ஒரே பார்வையில், "ரத்தத்துல கால்சியம் கொறஞ்சுருச்சு" என்று ஊசிக்குப் பாய்ந்தாள். டாக்டர் குருமூர்த்தியும் வந்துவிட்டார். மருந்து சொட்டுச் சொட்டாக நரம்பில் ஏற ஏற, சாலம்மாள் மடங்கிய விரல்களைத் தன் உள்ளங்கையில் வைத்து இதமாகத் தேய்த்துக்கொண்டிருந்தார். முதலில் சுண்டுவிரல் இளகியது. பிறகு மற்றவை.

"நல்ல நேரத்துல கூப்புட்டீங்க" என்றாள் சரிதா.

கூப்பிட்டீர்கள் என்ற சொல்லைக் கேட்டதும் சாலம்மாள் கையிலிருந்த சொம்பைப் பார்த்தார். அது ஒரு பக்கம் நசுங்கியிருந்தது. இன்னொரு நோயாளியின் சொம்பு. நசுங்கிய பக்கத்தைச் சுவர்ப் பக்கமாகத் திருப்பி, அது இருந்த இடத்திலேயே மெதுவாக வைத்தார். தனப்பிரியாவுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன.

சாலம்மாள் வீட்டுக்குக் கிளம்புவதற்கு முன்பு தொண்டைக்குள் கேமரா விட்டுப் பார்த்தார்கள். குழாயையும் எடுத்துவிட்டார்கள். டாக்டர் குருமூர்த்தி சின்ன வயசுக்காரர். சாலம்மாளுக்கும் தனப்பிரியாவுக்கும் அறுவை செய்தவர் அவர்தான். வார்டுக்கு வந்து கட்டிலருகே நின்றார். கையிலிருந்த பேனாவைத் திறந்தார், மூடினார்.

"ஒரு பக்கக் குரல்நாண் இன்னும் அசையலைங்கம்மா. நரம்போட ஒட்டியிருந்த கட்டிய எடுக்கும்போது எவ்வளவோ பாத்துத்தான் எடுத்தேன். மாசக்கணக்காகும். பயிற்சி பண்ணினா பேச்சு வந்துரும். ஆனா பழைய மாதிரி..." அவர் தலை குனிந்தது.

பொன்னாத்தாள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். தனப்பிரியா சாலம்மாளின் முகத்தையே பார்த்தாள். அவர் கண்கள் நிறைந்தன, வழியவில்லை. பிறகு எழுந்து நின்றார். கிழங்கு பிடுங்கிப் பிடுங்கிக் காய்த்துப்போன இரண்டு கைகளாலும் டாக்டரின் கன்னங்களை மேலிருந்து கீழாக வழித்து, விரல்களைத் தன் நெற்றிப்பொட்டில் வைத்து அழுத்தினார். நெட்டி முறிந்த சத்தம் வார்டின் கடைசிக் கட்டில் வரை கேட்டது.