லைசென்ஸ் கேட்க வந்த மனிதர்

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். என் கையெழுத்து கோழி கிண்டியது போல இருக்கும். எந்த இடத்தில் எந்த ‘ற’ வரும் என்பது எனக்கு இன்னும் நிச்சயமில்லை. மட்டக்களப்பில் மூன்றாம் வகுப்போடு படிப்பு நின்றது. மொன்றியலுக்கு வந்து பள்ளிக்கூடம் போனேன் என்றுதான் பேர். பிரெஞ்சு காதில் ஏறியது, கையில் ஏறவில்லை. நாலு பேர் கூடிய இடத்தில் வாய் திறக்க எனக்குக் கூச்சம். அதனால் எழுதிப் பார்க்கிறேன். பிழைகளைப் பொறுத்து வாசியுங்கள்.

அப்போது எனக்குப் பத்து வயது நடந்துகொண்டிருந்தது. சென்ட் லோரன்டில் வாடகை வீட்டில் இருந்தோம். எங்கள் அகதி வழக்கு இன்னும் முடியவில்லை. அப்பா வாரநாட்களில் ஒரு தொழிற்சாலையில் பெட்டி அடுக்கினார். சனி ஞாயிறுகளில் சித்தப்பாவோடு சேர்ந்து வீடுகளுக்குப் பெயின்ட் அடிக்கப் போனார். சொந்த வீட்டுக்கு யாரும் அடித்துக்கொள்ளலாம். கூலி பேசிப் பிறர் வீட்டுக்கு அடிக்க இங்கே அனுமதிப்பத்திரம் வேண்டும். அது அவர்கள் இருவரிடமும் இல்லை.

சித்தப்பாவுக்கு எல்லாமே பகிடி. ஒரு நாள் சாப்பாட்டின்போது, லைசென்ஸ் இல்லாமல் பிடிபட்டால் என்ன செய்வார்கள் என்று கேட்டேன்.

“என்ன செய்யிற? கொப்பாவை அப்பிடியே பெயின்ட் உடுப்போட கொண்டுபோய் பிளேனில ஏத்துவாங்க. ஜன்னல் சீட் கேட்டாலும் குடுக்க மாட்டாங்க.”

எல்லோரும் சிரித்தார்கள். அம்மாவுக்குப் புரையேறிவிட்டது. எனக்கு மட்டும் சோறு இறங்கவில்லை. அன்றிலிருந்து எங்கள் தெருவில் ஒரு கார் வேகம் குறைத்தாலே ஜன்னலுக்கு ஓடிப்போய்ப் பார்ப்பேன்.

அந்த வைகாசியில் பியர்பொன்ட்ஸில் ஒரு யாழ்ப்பாணத்துக் குடும்பம் வீடு வாங்கியது. பால் காய்ச்சுவதற்கு வெள்ளிக்கிழமை நாள் வைத்துவிட்டார்கள். அதற்குள் வீடு முழுவதும் பெயின்ட் அடித்து முடிய வேண்டும். அதற்கு முந்திய சனிக்கிழமை அப்பா என்னையும் கூட்டிப் போனார். யாராவது வந்து பிரெஞ்சில் ஏதாவது கேட்டால் பதில் சொல்வதற்கு ஆள் வேண்டுமே.

வேலை நடக்கிற வீட்டுக்குக் கண்ணூறு படக்கூடாது என்று வீட்டுக்கார மாமி முன்வாசலில் ஒரு பொம்மை கட்டியிருந்தார். ஊரில் என்றால் வைக்கோல் இருக்கும். மாமி அப்பாவிடம் பெயின்ட் பட்ட பழைய சேட்டும் காற்சட்டையும் வாங்கி, உள்ளே செய்தித்தாளை அடைத்து, பெயின்ட் வாளி மூடியில் மீசையும் பல்லும் கீறித் தலையாக வைத்திருந்தார். பார்க்கிறவர்களின் கண்ணெல்லாம் அதில்தான் விழும் என்றார். மாமி சொன்னது பொய்யாகவில்லை. எதிர்வீட்டுப் பெண் காலையிலிருந்து ஜன்னல் திரையை விலக்கி விலக்கி அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மத்தியானம் ஒரு கார் வந்து வாசலில் நின்றது. நீலச் சட்டைக்காரர் ஒருவர் இறங்கினார். பொம்மையின் முன் நின்று அதை மேலும் கீழும் பார்த்தார். பிறகு அதன் காற்சட்டையில் காய்ந்திருந்த பெயின்டை விரல் நகத்தால் சுரண்டினார்.

“லைசென்ஸ்காரன்!” என்றார் சித்தப்பா. அதோடு ரோலரைக்கூடக் கீழே வைக்காமல் பின்கதவால் போய்விட்டார்.

அப்பாவால் அப்படிப் போக முடியவில்லை. மாடிப்படிச் சுவர் மிக உயரம். ஏணிக்கும் மேல்மாடி விளிம்புக்கும் நடுவே ஒரு பலகையைப் போட்டு, அதன் மேல் நின்று அடித்துக்கொண்டிருந்தார். இறங்கினால் வாசலுக்கு நேரே வர வேண்டும். அதனால் பலகையின் மேலேயே மாடியை நோக்கி ஓடினார். பலகை சறுக்கியது. பெயின்ட் வாளி படிகளில் உருண்டு வந்தது. ஒரு கணம் அப்பா ஒற்றைக் கையால் கைப்பிடிக் கம்பியைப் பிடித்தபடி அந்தரத்தில் தொங்கினார். பிறகு எப்படியோ காலை உந்தி மேலே ஏறிக் குளியலறைக்குள் புகுந்து கதவைச் சாத்திக்கொண்டார்.

நான் எல்லாவற்றையும் கீழே நின்று பார்த்தேன். கதவு சாத்தப்பட்டதும் எனக்கு நிம்மதியாக இருந்தது.

“தம்பி, நீ போய்க் கதை. எனக்கு அவன்ர பாஷை வராது” என்று மாமி என் முதுகில் கைவைத்துத் தள்ளினார்.

வந்தவர் “போன்ஜூர்” சொல்லிவிட்டு, இங்கே யார் பெயின்ட் அடிப்பது என்று கேட்டார். நான் மாமியிடம் சொன்னேன்.

“நான்தான் அடிக்கிறன் எண்டு சொல்லு. என்ர வீடு, நான் அடிக்கிறன்.”

மாமி கோயிலுக்குப் போகிற சேலையில் இருந்தார். உடம்பில் ஒரு பொட்டுப் பெயின்ட் இல்லை. அவர் மாமியைப் பார்த்தார், வாசல் பொம்மையைத் திரும்பிப் பார்த்தார். அந்த உடுப்பும் இந்த அம்மாவுடையதா என்று கேட்டார். அதை நான் மொழிபெயர்க்கவில்லை.

பிறகு மாடிப்படியடிக்கு வந்தார். வாளியிலிருந்து பெயின்ட் இன்னும் படிப்படியாக வழிந்துகொண்டிருந்தது. மேலே, விளிம்பிலிருந்து குளியலறைக் கதவு வரை வெள்ளைக் கால் தடங்கள் தெளிவாகத் தெரிந்தன. அவர் அவற்றை அண்ணாந்து பார்த்தபடி நின்றார். நான் மனதுக்குள் மாமாங்கப் பிள்ளையாரைக் கூப்பிட்டேன். வந்தவர் மேலே ஏறவில்லை. சரிந்து கிடந்த பலகையை இழுத்து எடுத்து, ஏணியையும் மடித்துச் சுவரோரம் தரையில் கிடத்தினார். பறிமுதல் செய்யப்போகிறார் என்று நினைத்தேன்.

பின்பு குந்தி இருந்து மாமிக்குச் சொல்லும்படி என்னிடம் மெதுவாகச் சொன்னார். பெயின்ட் அடிக்க ஆளை எடுக்கும்போது லைசென்ஸைக் காட்டச் சொல்ல வேண்டும். காப்புறுதி இருக்கிறதா என்று கேட்க வேண்டும். என்ன வேலை, என்ன விலை என்று எழுதிக் கையெழுத்து வாங்க வேண்டும். முழுக்காசையும் முதலிலேயே கொடுக்கக் கூடாது. நான் திக்கித் திக்கிச் சொன்னேன்.

“அப்ப பிடிக்க வரேல்லையோ?” என்றார் மாமி.

அதற்கு நான் பதில் சொல்வதற்குள் வந்தவர் எழுந்துவிட்டார். கதவடியில் நின்று, மாடிக்குக் கேட்கும்படி உரத்த குரலில் என்னிடம் கேட்டார்:

“உன் அப்பா இல்லாமல் போனால் உங்களை யார் பார்ப்பார்கள்?”

அப்பா அங்கே இருப்பதாக நான் சொல்லவே இல்லை. அவர் கார் தெருமுனை திரும்பும் வரை பார்த்துவிட்டுக் கதவைத் தாழிட்டேன்.

அப்பா நொண்டிக்கொண்டு இறங்கி வந்தார். முழங்காலில் காற்சட்டை கிழிந்து ரத்தம் தெரிந்தது. “ஒண்டுமில்ல மனே, சிராய்ப்புத்தான். என்னவாம் அவர்?”

சொன்னேன். பின்கதவால் திரும்பி வந்த சித்தப்பாவுக்கு முதல்முறையாகப் பகிடி வரவில்லை. “அண்ணன், அவன் உன்னக் கொண்டுபோகத்தான் கணக்குப் பாக்கிறான்” என்றார்.

அப்பா பலகையை எடுத்து மறுபடியும் பழைய இடத்தில் போட்டார். வெள்ளிக்கிழமை பால் காய்ச்ச வேண்டுமே. நான் ஜன்னலடியில் நின்று தெருவைக் காவல் காத்தேன். அப்பா நின்ற பலகையை ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. அந்தக் கோடை முழுவதும் கதவு தட்டும் சத்தம் கேட்டால் கட்டிலுக்கடியில் போய்விடுவேன். யாரும் வரவில்லை. பிறகு வழக்கும் எங்கள் பக்கம் தீர்ந்தது.

இப்போது எனக்கும் பெயின்ட் வேலைதான். லைசென்ஸ் எடுத்திருக்கிறேன். பரீட்சைக்கு என் மனைவி கேள்விகளை வாசித்து வாசித்துப் பழக்கினாள். வேலைக்குக் கூப்பிடுகிற நம்மவர்கள் யாரும் அதைக் கேட்பதில்லை. “அண்ணை, நீங்கள் எங்கட ஆள்தானே” என்பதோடு சரி. போன மாதம் புரோசார்டில் ஒரு வீட்டில், என்னோடு வேலை செய்யும் பையன் அவசரத்தில் மாடிப்படியின் குறுக்கே பலகை போட்டு ஏறிவிட்டான். மகள் பிறந்து நாற்பது நாள்கூட ஆகாதவன். விழுந்துவிடுவானே என்று கீழே நின்ற நான் பயந்துபோனேன். இறங்கடா என்று கத்தினேன். என் வாயிலிருந்து அவ்வளவு சத்தம் வரும் என்று எனக்கே தெரியாது. அவன் முகம் கறுத்துப்போய் இறங்கினான். வேலையை விட்டு நிறுத்தப்போகிறேன் என்று பயந்துவிட்டான்.

அந்த முகத்தைப் பார்த்த பிறகுதான் எனக்கு விளங்கியது. அன்றைக்கு பியர்பொன்ட்ஸ் வீட்டில் அப்பாவுக்காகப் பயந்தவர்கள் இரண்டு பேர். பலகையை இழுத்து எடுத்த அந்த நீலச் சட்டைக்காரரும் பயந்துதான் இருக்கிறார்; நான் ஒருவன்தான் என்று இவ்வளவு காலமும் நினைத்திருந்தேன்.

2025 நவம்பர் 2, ஞாயிற்றுக்கிழமை.