டாங்கோ கூடத்தில் ஒரு பொன்னாடை

டூர் மேனேஜர் வேலை ஒன்றும் பெரிய வித்தையில்லை; நாலு சொந்தக்காரர்களை வேனில் திருப்பதிக்குக் கூட்டிப்போய்த் திரும்பியவரா நீங்கள், அப்படியானால் என் வயிற்றெரிச்சல் உங்களுக்குச் சொல்லாமலே புரியும். எங்கள் ஆபீஸ் மேற்குத் தாம்பரத்தில். இந்த முறை பொறுக்கியெடுத்த சில குடும்பங்களோடு தென் அமெரிக்கா போனேன். கடைசி நாள் புவெனஸ் ஐரிஸில், நூறு வருஷத்துக்கும் மேல் பழசான ஒரு கூடத்தில் டாங்கோ நடனமும் சாப்பாடும்.

ஓட்டலிலிருந்து கிளம்பும்போது கீழ்க்கட்டளை வசந்தா அம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டார். அவருடைய கணவர் சுந்தரேசன் சார், அவர்கள் நகரின் குடியிருப்போர் நலச் சங்கத்துக்கு நிரந்தரச் செயலாளர். எந்த விசேஷத்துக்குப் போனாலும் உட்காராத மனிதர். "தம்பி, இந்த டூரே நான் ஆசைப்பட்டு வந்தது. இன்னிக்கு ஒரு சாயங்காலமாவது அவர் செயலாளரா இல்லாம என் பக்கத்துல உக்காந்திருக்கணும். உன் பொறுப்பு" என்றார். பாஸ்போர்ட் தொலைந்தால்கூடத் தூதரகம் இருக்கிறது. இதற்கு நான் எங்கே போவது? தலையை மட்டும் ஆட்டி வைத்தேன்.

இடம் பிடித்தல்

கூடத்துக்குள் நுழைந்ததும் சார் மேடையை ஒட்டியிருந்த மேஜைகளைப் பார்த்துவிட்டார். நமக்கு ஒதுக்கிய மேஜைகள் பின்னால் இருக்கின்றன என்று நான் சொல்வதற்குள், எல்லோரிடமும் கைக்குட்டை வாங்கி முன்வரிசை நாற்காலிகளில் ஒவ்வொன்றாகப் போட்டாயிற்று. தாம்பரத்தில் பீச் போகும் மின்சார ரயிலுக்கு ஜன்னல் வழியாகக் கைக்குட்டை எறிந்து இடம் பிடித்த கை, சும்மா இருக்குமா?

வெயிட்டர் பாவம், நல்ல மனிதர். அத்தனை கைக்குட்டைகளையும் பொறுக்கி, மடித்து, ஒரு வெள்ளித் தட்டில் வைத்து என்னிடம் கொண்டுவந்தார். தணிந்த குரலில் கேட்டார்: "உங்கள் குழுவில் எல்லோருக்குமே ஜலதோஷமா சார்?"

பந்தி விசாரணை

ஒருவழியாக எங்கள் மேஜைக்கு வந்து, சாரை அம்மாவின் பக்கத்தில் உட்கார வைத்தேன். ரொட்டிக்கூடை வரும்வரை உட்கார்ந்திருந்தார். பிறகு எழுந்தவர் எழுந்தவர்தான். வெயிட்டர் கையிலிருந்த கூடையை வாங்கிக்கொண்டு, "இங்க ரெண்டு வைங்க, அங்க ரொட்டியே வரலை" என்று மேஜை மேஜையாகப் போனார். சமையலறைக்குள்ளேயே புகுந்து, சைவத் தட்டுகளைத் தனியாக அடுக்கச் சொல்லி ஜாடையில் விளக்கினார். அங்கிருந்த தலைமைச் சமையல்காரர் அவரை முதலாளி என்றே நினைத்து வணக்கம் வைத்தாராம்.

நான் பார்க்கும்போது அவருடைய சைவத் தட்டில் வந்த பூசணிக்காய் ஆறிப்போயிருந்தது. வசந்தா அம்மா என்னைப் பார்க்காமலே சொன்னார்: "ரெண்டு சீட்டுன்னு சொல்லித்தான் தம்பி புக் பண்ணோம். ஒண்ணுல என் ஹேண்ட்பேக்தான் உக்காந்திருக்கு."

பாய் பார்த்த நடனம்

விளக்கணைந்ததும் வேறு வழியில்லாமல் சார் வந்து உட்கார்ந்தார், நடனம் ஆரம்பித்தது. எனக்கு டாங்கோ பற்றி ஒன்றும் தெரியாது, ஆனால் அந்தப் பெண்களின் கால்கள் போன வேகத்தில் எனக்கு மூச்சு வாங்கியது. பல்லாவரத்தில் தோல் வியாபாரம் செய்யும் ரஹீம் பாய் மட்டும் குனிந்து குனிந்து எதையோ தேடுவதுபோல் பார்த்தார். கண்ணாடி விழுந்துவிட்டதோ என்று நானும் குனிந்தேன். "ஷூ தம்பி. தையலப் பாரு, இந்தச் சுத்து சுத்துறாங்க, பிரியவே இல்ல" என்றார். ஆடியவர்களின் முகத்தை அவர் கடைசிவரை பார்க்கவில்லை.

பக்கத்தில் அவர் மனைவி மும்தாஜ் அக்காவுக்கு முகமெல்லாம் சிரிப்பு: "இவ்ளோ அழகான பொண்ணுங்க ஆடிகினு இருக்கு, இவுரு செருப்பப் பாத்துகினு கீறாரு. ஊருக்குப் போனதும் இவுருக்கு ஒரு பிரியாணி ஆக்கிப் போடணும் தம்பி."

பொன்னாடை

நடனம் முடிந்து கைத்தட்டல் ஓயவில்லை, வசந்தா அம்மாவுக்குப் பக்கத்து நாற்காலி மறுபடி காலி. எங்கே என்று தேடினால், சார் மேடையில் நிற்கிறார். கையில் ஜரிகை மின்னும் பொன்னாடை. அதைக் கீழ்க்கட்டளையிலிருந்தே பெட்டியில் வைத்துக் கொண்டுவந்திருக்கிறார்! "எங்கள் சங்கத்தின் சார்பாக..." என்று ஆரம்பித்து மைக்கைத் தேடினார். வசந்தா அம்மா தலையைக் குனிந்துகொண்டார். எனக்கும் வருத்தமாகத்தான் இருந்தது. ஒரே ஒரு சாயங்காலம்தானே கேட்டார்.

அந்த ஊரில் ஆட்டம் முடிந்ததும் பார்க்க வந்தவர்களை மேடைக்கு அழைத்து இரண்டு அடி ஆட வைப்பார்கள். சாரும் அதற்குத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்த மூத்த நடனக்காரர், உங்கள் ஜோடி எங்கே என்று ஜாடையில் கேட்டார். சார் விழித்தார். பிறகு மெதுவாக எங்கள் மேஜையைக் காட்டினார். அவ்வளவுதான். அந்த மனிதர் பொன்னாடையை வாங்கிக்கொண்டு இறங்கி வந்து, வசந்தா அம்மாவின் தோளில் போர்த்தி, கையைப் பிடித்து மேடையேற்றி, அந்தக் கையைச் சாரின் கையில் வைத்துவிட்டுப் போய்விட்டார். இசை ஆரம்பித்தது. இருவரும் ஆடவில்லை, போட்டோவுக்கு நிற்பதுபோல் நின்றார்கள். சுந்தரேசன் சாருக்குக் கவனிக்க வேறு ஆளில்லை, மனைவியைத் தவிர. நான் மேடையை ஒட்டி நின்றதால் வசந்தா அம்மா சொன்னது காதில் விழுந்தது: "ஊர்ல வந்தவன் போனவனுக்கெல்லாம் போர்த்தினீங்க. எனக்குப் போர்த்த அர்ஜென்டினாக்காரன் வரவேண்டியிருக்கு. சரி சரி, கைய விட்டுடாதீங்க, எல்லாரும் பாக்கறாங்க."

தாம்பரத்திலிருந்து உலகத்தின் அந்தக் கோடிவரை ஒருவரைக் கொண்டுபோய்ச் சேர்த்துவிடலாம், அவர் மனைவிக்குப் பக்கத்து நாற்காலிக்குக் கொண்டுசேர்க்கத்தான் எந்த டூர் மேனேஜராலும் ஆகாது.